அந்த ஏழு வாக்குகள் யாருடையவை?



தேர்தல் என்றதும் நகரத்தார்க்கு நினைவுக்கு வருபவை ஊர்வலமும் ஒலிபெருக்கியும். சிற்றூர்களில் பங்குப்பணி ஆற்றியவர்க்கோ நினைவுக்கு வருவது வேறு. வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் மாலை, தேநீர்க் கடைப் பலகையில் ஒரு துண்டுத் தாளைச் சுற்றிக் குனிந்திருக்கும் தலைகள் நம் கண்முன் வந்து நிற்கின்றன. அந்தத் தாளைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினோம்.

2011-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது, தென்மாவட்டம் ஒன்றில், வானம் பார்த்த பூமியில் அமைந்த ஒரு சிற்றூரில் பங்குத் தந்தையாக இருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். ஊர் முழுமைக்கும் ஒரே வாக்குச்சாவடி. வாக்குப்பதிவுக்கு இரு வாரங்களுக்கு முன் கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. தலைக்கட்டுக்கு ஒருவர் வந்திருந்தார். பேச்செல்லாம் சாலையைப் பற்றியே. ஊரிலிருந்து நெடுஞ்சாலை வரை மண்சாலை. நல்ல மழை பெய்தால் பேருந்து பாதி வழியிலேயே திரும்பிவிடும். பேறுகால வலி கண்ட பெண்ணைக் கட்டிலோடு தூக்கிச் சென்றதும் உண்டு. வேட்பாளர் ஒருவர் சாலை போட்டுத் தருவதாக உறுதி கூறியிருந்தார். ஆகவே, 'ஊர் ஓட்டு ஒரே ஓட்டாக விழவேண்டும்' என்று முடிவாயிற்று. கூட்டத்தின் இறுதியில் ஊர்ப் பெரியவர் நம் பக்கம் திரும்பி, "சாமி என்ன சொல்றீங்க?" என்றார். "ஒற்றுமையாக இருந்தால் நல்லது நடக்கும்" என்றோம். நாம் சொன்னது அவ்வளவே. அது போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் 13 அன்று வாக்குப்பதிவு. எண்ணிக்கையோ மே 13 அன்று. இடைப்பட்ட ஒரு மாதமும் ஊர் அமைதியாகவே இருந்தது. ஊர் ஆதரித்த வேட்பாளரே வெற்றி பெற்றார். வெடி வெடித்தார்கள். மறுநாள், எண்ணும் மேசையருகே அமர்ந்திருந்த முகவர் தம் கையால் குறித்துவந்த தாள் ஊருக்கு வந்து சேர்ந்தது. நம் சாவடியில் ஊர்முடிவுப்படி விழுந்த வாக்குகள் சில நூறு. எதிர்ச் சின்னத்திற்கு விழுந்தவை ஏழு. சுயேச்சைகளுக்கு விழுந்த இரண்டொன்றை யாரும் பொருட்படுத்தவில்லை. கைதவறி விழுந்தவை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஏழு?

தேடல் தொடங்கிற்று. சிற்றூரில் துப்பறிவதற்குக் காவல்துறை வேண்டியதில்லை. சாவடிக்குத் தாமதமாக வந்தவர் யார், பொத்தானை அழுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளிவந்தவர் யார், யாருடைய மைத்துனர் அடுத்த ஊரில் எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர், யாருடைய மகன் திருப்பூரில் எந்தச் சங்கத்தில் இருக்கிறான் என்றெல்லாம் கணக்கெடுத்தார்கள். இறுதியில் பல விரல்கள் ஒரு வீட்டை நோக்கி நீண்டன. அங்கே தை மாதம் மணமுடித்து வந்த மருமகள் ஒருத்தி இருந்தாள். அவளுடைய பிறந்த ஊர் முழுவதும் எதிர்ச் சின்னத்திற்கு வாக்களிக்கும் ஊர். வேறு சான்று எதுவும் தேவைப்படவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வரிசையிலிருந்து தள்ளி வைத்தார்களாம். ஊர்க் கமிட்டியார் வீட்டிற்கே சென்று கேட்டார்களாம். அன்றிரவு கணவனும் மனைவியுமாக நம் இல்லத்திற்கு வந்தார்கள்.

"சாமி, நான் மாத்திப் போடல. சிலுவையத் தொட்டுச் சத்தியம் பண்றேன். நீங்க ஊருக்குச் சொல்லணும்" என்று அழுதாள் அந்தப் பெண்.

சத்தியம் வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினோம். ஆனால் செய்தி பரவிவிட்டது. மறுநாள் ஒரு முதியவர் வந்தார். அவரை யாரும் சந்தேகிக்கவே இல்லை. 'எல்லாரும் வந்து சத்தியம் செய்துவிட்டால், செய்யாதவன் நான் ஒருவனே என்றாகிவிடுமே' என்பது அவர் கவலை. நான்கு நாள்களில் பதினோரு பேர் வந்தார்கள். சலித்துப்போய், அவருள் சிலருடைய சத்தியத்தைக் கேட்டும் கொண்டோம். அதை இன்று எண்ணினாலும் நாணமாக இருக்கிறது. 'இனி யாரும் இதற்காக நம் வாசற்படி ஏறவேண்டாம்' என்று ஞாயிறன்று அறிவித்த பிறகு வேறொரு பேச்சு எழுந்தது: "அந்த ஏழுல சாமி ஓட்டும் ஒண்ணோ?" நம் வாக்கும் அதே சாவடியில்தான் பதிவாகியிருந்தது. அது எச்சின்னத்திற்கு விழுந்தது என்பதை அன்றும் சொல்லவில்லை, இங்கும் சொல்வதற்கில்லை.

நிற்க. மறைவாக அளிக்கப்பட்ட வாக்கு இவ்வாறு தெருவுக்கு வந்ததெப்படி என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டியின்மேல் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். வாக்காளர் திரை மறைவில் நின்று, தமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டார். எழுத்தறியாதவர் மிகுந்த நாட்டில் அது நல்ல ஏற்பாடே. அத்தேர்தலுக்கான பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே பதியச் செய்தனர். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் அதனாலேயே வாக்குரிமை இழந்தனர் என்பது வரலாறு. வாக்கு என்பது தனி ஒருவருடையது என்று அரசியலமைப்பு சொன்னது. வீடும் தெருவும் ஊரும் அதை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

பின்னர், 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை நாடெங்கும் வந்தது. சீட்டு முறையில் ஒரு நன்மை இருந்தது. தேர்தல் ஆணையம் தேவையெனக் கட்டளையிட்ட இடங்களில், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்த பின்னரே எண்ணுவார்கள். எந்த ஊர் எப்படி வாக்களித்தது என்பது அந்தக் குவியலில் மறைந்துவிடும். பிரிட்டனில் 1872-இல் மறைவாக்குச் சட்டம் வந்தது. இன்றளவும் அங்கே ஒரு பெட்டியின் சீட்டுகளை மற்றொரு பெட்டியின் சீட்டுகளோடு கலக்காமல் எண்ணத் தொடங்கலாகாது. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்வோர் இருக்கலாம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 30 குடும்புகளின் ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனை எடுக்கச் சொன்ன அந்த முறை வாக்கெடுப்பு அன்று, குலுக்கலே. அந்தணர் சபை ஒன்றுக்கே உரியது. ஆனாலும் குடத்தில் இட்டவற்றை நன்கு கலக்கவேண்டும் என்பதை அவர்களும் மறக்கவில்லை.

மின்னணு இயந்திரம் முதன்முதல் 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் பயன்பட்டது. தமிழகம் முழுவதும் 2001-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலிலும், நாடு முழுவதும் 2004-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலிலும் அது வந்துவிட்டது. செல்லாத வாக்கு ஒழிந்தது, எண்ணிக்கை விரைந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது குறைந்தது. இந்நன்மைகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சாவடியின் இயந்திரமும் தன் கணக்கைத் தனியே காட்டுகிறது. சாவடிவாரியாக அக்கணக்கைப் பதியும் தாளுக்குப் 'படிவம் 20' என்று பெயர். அதை எவரும் பார்க்கலாம். பேரூரின் சாவடியில் ஆயிரம் பேர் பல தெருக்களிலிருந்து வருவதால் அதில் எவர் முகமும் தெரியாது. சில நூறு பேரே உள்ள ஊரிலோ எண்ணிக்கை குறையக் குறைய முகம் தெளிகிறது. குஜராத்தின் கீர் காட்டில் பானேஜ் என்னும் இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைத்தார்கள். 2019 மக்களவைத் தேர்தலிலும் அமைத்தார்கள். அலுவலர்களின் கடமையுணர்வைப் போற்றுகிறோம். ஆனால் அந்த ஒருவரின் இரகசியம் என்னவாயிற்று என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இதற்கு மாற்று இல்லாமற் போகவில்லை. 14 இயந்திரங்கள் வரை ஒன்றாக இணைத்துக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' என்னும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. 2015-இல் சட்ட ஆணையம் தன் 255-ஆம் அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு இசையவில்லை. எந்தப் பகுதியில் ஆதரவு குறைந்தது என்று அறிந்தால்தான் கட்சிகள் அங்கே மேலும் உழைக்க முடியும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019-இல் உத்தரப் பிரதேசத்தில், ஒன்றிய அமைச்சராயிருந்த வேட்பாளர் ஒருவர், தமக்கு 80 விழுக்காடு வாக்களிக்கும் ஊர் 'ஏ', 60 எனில் 'பி', 50 எனில் 'சி', அதற்கும் குறைந்தால் 'டி' என்று மேடையிலேயே வகைபிரித்து, அந்த வரிசைப்படியே பணிகள் நடக்கும் என்று பேசியதை நாடே கேட்டது. அவர் வெளிப்படையாகச் சொன்னார். சொல்லாமல் செய்வோர் எல்லாக் கட்சிகளிலும் உளர் என்பது நம் அனுபவம்.

இனி, ஊரின் சார்பு எப்படி உருவாகிறது என்பதையும் சொல்லவேண்டும். கொள்கை அறிக்கையைப் படித்துச் சின்னத்தைத் தேர்ந்த ஊர் எதையும் நாம் கண்டதில்லை. நாம் பணியாற்றிய வேறோர் ஊரில் மேலத்தெரு உதயசூரியன், கீழத்தெரு இரட்டை இலை. ஏனென்று விசாரித்தோம். பங்காளிகள் இருவர்க்குள் கிணற்றுப் பாத்தியதைச் சண்டை, 1972-இல் எம்.ஜி.ஆர். பிரிந்து தனிக்கட்சி கண்டபோது அண்ணன் பழைய கட்சியிலேயே நின்றதால் தம்பி புதிய கட்சிக்குப் போனார். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை வென்றதும் தம்பியின் தெரு முழுவதும் அந்த இலையின் கீழ் வந்துவிட்டது. கிணறு தூர்ந்து நெடுங்காலமாயிற்று. சின்னம் மட்டும் நிலைத்திருக்கிறது. திருவிழாவில் தேர் முதலில் எந்தத் தெருவில் நுழைவது என்ற வழக்கிலும் இவ்விரு சின்னங்களே எதிரெதிரே நின்றன. பெயர் மட்டும் அரசியல்.

ஊர் ஒன்றுபட்டு வாக்களிப்பதை முழுவதும் பேதைமை என்று தள்ளிவிட மாட்டோம். பணமுள்ளவனுக்கு அலுவலகக் கதவு தானே திறக்கும். எளிய ஊருக்கு இருப்பது எண்ணிக்கை ஒன்றே. சிதறிக் கிடக்கும் ஐந்நூறு வாக்குகளை எந்த வேட்பாளரும் தேடி வரமாட்டார். கட்டாகக் கிடைக்கும் ஐந்நூறை நாடி வண்டி மண்சாலையிலும் வரும். நாம் சொல்லும் அந்த ஊருக்குச் சாலை வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துத் தார்ச்சாலை போட்டார்கள். ஏழு வாக்கு குறைந்ததற்காகச் சாலையின் அகலம் குறையவில்லை.

ஆயினும் 'ஊர் முடிவு' என்பதை யார் எடுக்கிறார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. நம் கூட்டத்தில் தலைக்கட்டுக்கு ஓர் ஆண்மகன் இருந்தார்; பெண் ஒருத்தியும் இல்லை. அந்த மருமகளிடம் யாரும் முன்பே கேட்கவில்லை, பின்பே கேட்டார்கள். ஊர் முடிவு இதைவிடக் கொடிதாகவும் ஆவதுண்டு. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. அதை ஏற்பதில்லை என்பது அங்கே ஆதிக்கம் செலுத்தியோரின் 'ஊர் முடிவு'. வேட்புமனு வராமலும், வென்றவர் உடனே பதவி விலகியுமாகப் பத்தாண்டுகள் கழிந்தன. 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தேறியது. அதே மாவட்டத்து மேலவளவில், அவ்வாறே ஒதுக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்வான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று உடனிருந்தோருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒற்றுமை என்னும் நல்ல சொல்லை நாம் அன்று அவ்வளவு எளிதாக எடுத்து வீசியிருக்கக் கூடாது என்று பிறகு பலமுறை எண்ணியதுண்டு.

உள்ளாட்சித் தேர்தலில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. ஊராட்சித் தலைவர்க்கும் வார்டு உறுப்பினர்க்கும் கட்சிச் சின்னம் இல்லை. ஆகவே பூட்டுச்சாவியும் ஆட்டோ ரிக்சாவும் உறவுமுறையின் சின்னங்களாகிவிடுகின்றன. சிறிய வார்டு ஒன்றில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் தோற்றவர் தம் சித்தப்பா வீட்டு வாசலைப் பல ஆண்டுகள் மிதிக்காத கதை நமக்குத் தெரியும். இத்தகைய பகை வேண்டாமென்று சில ஊர்களில் பதவியை ஏலத்தில் விட்டு, பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் சேர்க்கிறார்கள். அவ்வழியில் வரும் பணத்தை நம் கோயில் வாங்கலாமா என்று ஒருமுறை நம்மிடமே கேட்டார்கள். வாங்கலாகாது என்றோம். கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

சட்டம் இவ்விடயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி, தாம் யாருக்கு வாக்களித்தார் என்பதைச் சொல்லுமாறு சாட்சியையோ வேறு எவரையுமோ கட்டாயப்படுத்தலாகாது. நீதிபதி கேட்க முடியாததை நம் ஊரில் குழாயடி கேட்டது. பங்குத் தந்தையின் திண்ணை கேட்டுக்கொண்டது. 123-ஆம் பிரிவோ, வேட்பாளரோ அவர்க்காகப் பிறரோ ஒருவரைச் சாதியிலிருந்தோ சமூகத்திலிருந்தோ விலக்கி வைப்பதாக அச்சுறுத்துவதையும், தெய்வக் கோபத்திற்கு ஆளாவாய் என்று நம்பச் செய்து வாக்குக் கேட்பதையும் முறைகேடு என்கிறது. இந்த இரண்டாவது பகுதி எம்போன்றோர்க்கென்றே எழுதப்பட்டதோ என்று தோன்றும். தேர்தல்தோறும் வேட்பாளர்கள் பங்குத்தந்தை இல்லத்திற்கு வருவார்கள். காப்பி அருந்தியபின், "சாமி கையில எத்தனை ஓட்டு இருக்கு?" என்பார்கள். முன்பெல்லாம் சிரித்து மழுப்புவோம். 2011-க்குப் பிறகு, "ஒன்று" என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். அதில் பலர்க்கு வருத்தம்.

இதையெல்லாம் இப்போது எழுதத் தூண்டியது ஒரு திருமண அழைப்பிதழ். சில மாதங்களுக்கு முன் அவ்வூரிலிருந்து ஒருவர் தம் மகளின் திருமணத்திற்கு அழைக்க வந்திருந்தார். 2011-இல் ஊர்க் கமிட்டியின் கணக்கைப் பார்த்தவர் அவர். அந்த மருமகளின் வீட்டிற்குக் கேட்கச் சென்றவர்களுள் ஒருவர். பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தோம். சாலை மீண்டும் குண்டும் குழியுமாகிவிட்டதாம். திடீரெனக் குரலைத் தாழ்த்தி, "சாமி, அந்த ஏழுல ஒண்ணு என்னுது" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம்.

"எங்கப்பா காலத்துல இருந்து அந்தச் சின்னம் சாமி. பொத்தான்கிட்டப் போனதும் கை வேற பக்கம் போகல" என்றார்.

மற்ற ஆறு பேர் யார் என்று கேட்டோம். "அது தெரியாமத்தான் சாமி நானும் தேடினேன்" என்றார். யாரேனும் ஒருவர் அகப்பட்டுவிட்டால் தம்மை யாரும் நினைக்கமாட்டார்கள் என்ற அச்சத்தில், எல்லாரையும்விட உரக்கக் கேட்டவர் தாமே என்றும் சொன்னார். இது பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதன்று, திண்ணையில் சொன்னது. எழுதலாமா என்று கேட்டதற்கு, "ஊர் பேரு மட்டும் வேணாம்" என்றார்.

புறப்படும்போது வாசலில் நின்று ஒரு விவரம் கேட்டார். மகளை மணமுடித்துக் கொடுக்கும் ஊர் சிறியது, ஒரே சாவடி, ஊர் முழுவதும் ஒரே சின்னமாம். "புள்ளையோட ஓட்ட மட்டும் நம்ம ஊர்லயே வச்சுக்கலாமா சாமி? ஓட்டு நாளைக்கு வந்து போட்டுட்டுப் போகட்டும்."

குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்கவேண்டும் என்பது சட்டம் என்றும், இடமாற்றத்திற்குப் படிவம் 8 நிரப்பவேண்டும் என்றும் சொன்னோம். தலையை ஆட்டினார். படிவத்தை எங்கே வாங்குவது என்று அவர் கேட்கவில்லை.